பராமரிப்பும் காவலும்

'காவல்' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு முகங்கள் உண்டு. தாய் தன் குழந்தையைக் காவல் காக்கிறாள் என்கிறோம். குற்றஞ்சாட்டப்பட்டவனைக் காவலில் வைத்திருக்கிறார்கள் என்றும் சொல்கிறோம். முதலாவதில் அன்பு இருக்கிறது. இரண்டாவதில் பூட்டு இருக்கிறது. சொல்லில் மட்டுமன்றி வாழ்க்கையிலும் இவ்விரண்டும் அருகருகே நிற்கின்றன. நினைவு மங்கிய முதியவர் ஒருவர் நள்ளிரவில் தெருவுக்குப் போய்விடக் கூடாது என்று கதவைப் பூட்டும் மகள், அவரைக் காக்கிறாளா, அல்லது காவலில் வைக்கிறாளா? கதவைப் பூட்டாமல், அது திறந்தவுடன் மணியடிக்கும் சிறு கருவி ஒன்றைப் பொருத்தினால் விடை மாறுமா?

இக்கேள்விகளை நாம் உணர்ச்சியால் மட்டும் தீர்த்துவிட முடியாது. இங்கிலாந்திலும் வேல்சிலும் கடந்த கால் நூற்றாண்டுக் காலமாக நீதிமன்றங்களும் பாராளுமன்றமும் இவற்றோடு போராடி வந்திருக்கின்றன. அப்போராட்டத்தின் வரலாற்றையும், அதில் புதிதாக நுழைந்துள்ள கண்காணிப்புக் கருவிகள் எழுப்பும் சிக்கலையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். 2022 பிப்ரவரி முதல் 2025 ஜூலை வரை வெளிநாட்டுப் பராமரிப்புப் பணியாளர்களுக்கு அந்நாட்டின் வாயில் திறந்திருந்தது. அக்காலத்தில் இந்தியாவிலிருந்து சென்ற பலர் இன்று அங்குள்ள முதியோர் இல்லங்களில் இரவுப்பணி செய்கின்றனர். நம் சபைகளைச் சேர்ந்தவர்களும் அவர்களுள் உண்டு. எனவே இது நமக்கு முற்றிலும் அந்நியமான செய்தியன்று.

1. எதிர்க்காதவர் இசைந்தவரா?

இவ்வரலாறு ஒரு மனிதரிடமிருந்து தொடங்குகிறது. நீதிமன்ற ஏடுகள் அவரை எச்.எல். என்னும் இரண்டு எழுத்துகளால் மட்டுமே குறிக்கின்றன. ஆட்டிசம் என்னும் நிலையோடு பிறந்த அவரால் பேச இயலாது. சரே மாவட்டத்திலுள்ள போர்ன்வுட் மருத்துவமனையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த அவர், 1994இல் ஒரு குடும்பத்தாரின் பராமரிப்பில் விடப்பட்டார். அவர்கள் அவரைத் தங்கள் வீட்டாருள் ஒருவராகவே பேணினர். 1997 ஜூலையில் பகல்நேர மையம் ஒன்றில் அவர் கலக்கமுற்றுத் தம்மைத் தாமே அடித்துக்கொண்டார். மயக்க மருந்து கொடுத்து அவரை மீண்டும் அதே மருத்துவமனைக்குக் கொண்டுசென்றனர்.

அங்கே அவர் எதிர்ப்பு எதுவும் காட்டவில்லை. ஆகவே மனநலச் சட்டத்தின்படி அவரைத் தடுத்து வைக்கும் முறையான ஆணையும் பிறப்பிக்கப்படவில்லை. ஆனால் அவர் வெளியேற முயன்றிருந்தால் தடுக்கப்பட்டிருப்பார். அவரைப் பேணிய குடும்பத்தாரையும் பல வாரங்கள் பார்க்க விடவில்லை. பார்த்தால் அவர்களுடன் போக விரும்புவார் என்று மருத்துவர்கள் கருதினர். முறையான ஆணை இருந்திருந்தால் அதை எதிர்த்து முறையிட வழி இருந்திருக்கும். ஆணையே இல்லாததால் முறையீட்டுக்கும் வழியில்லை. எதிர்த்துப் போராடிய நோயாளிக்குச் சட்டம் துணையாக நின்றது. அமைதியாக இருந்தவருக்கு எதுவும் இல்லை.

அவ்வாண்டின் இறுதியில் அவர் வீடு திரும்பினார். எனினும் வழக்கு நிற்கவில்லை. 1998இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை மருத்துவமனைக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அவசியத்தின் பேரில் நன்னோக்குடன் செய்யப்பட்டதைப் பொதுச்சட்டம் அனுமதிக்கிறது என்பது அதன் கருத்து. வழக்கு ஸ்டிராஸ்பர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்திற்குச் சென்றது. 2004 அக்டோபர் 5 அன்று அந்நீதிமன்றம் வேறு முடிவுக்கு வந்தது. எச்.எல். தம் சுதந்தரத்தை இழந்திருந்தார். அவ்விழப்பைக் கட்டுப்படுத்தும் விதிமுறை எதுவும் இல்லை. அதை விரைவாக நீதிமன்றத்தின் முன் கொண்டுசெல்லும் வழியும் இல்லை. ஆகவே ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவு மீறப்பட்டது என்று அது கண்டது.

இத்தீர்ப்பின் உட்கருத்தை நாம் கவனிக்க வேண்டும. மருத்துவர்கள் தீயவர்கள் என்று நீதிமன்றம் கூறவில்லை. நல்லெண்ணம் மட்டும் போதாது என்றே கூறிற்று. தன் நிலையைத் தானே எடுத்துரைக்க இயலாத மனிதரின் சுதந்தரம், அவர்மீது அதிகாரம் உடையவர்களின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி நிற்கக் கூடாது என்பதே அதன் சாரம்.

2. 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம்

ஸ்டிராஸ்பர்க் தீர்ப்பு வந்த வேளையில் பாராளுமன்றத்தின் முன் ஏற்கெனவே ஒரு மசோதா இருந்தது. 2005இல் நிறைவேறி 2007இல் நடைமுறைக்கு வந்த மனத்திறன் சட்டம் அதுவே. அதன் முதற்பிரிவு ஐந்து கோட்பாடுகளை வரையறுக்கிறது.

முதலாவது, திறனில்லை என்று நிறுவப்படும்வரை ஒவ்வொரு வயதுவந்த மனிதரும் முடிவெடுக்கும் திறனுடையவர் என்றே கொள்ளப்பட வேண்டும். இரண்டாவது, அவர் தாமே முடிவெடுக்க இயன்ற உதவிகள் அனைத்தும் செய்யப்பட்டும் பயனில்லாதபோதுதான் அவரைத் திறனற்றவர் எனக் கருதலாம். மூன்றாவது, ஒருவர் எடுக்கும் முடிவு அறிவீனமானது என்பதனால் மட்டும் அவர் திறனற்றவர் ஆகிவிடமாட்டார். நான்காவது, திறனற்றவருக்காகச் செய்யப்படும் எச்செயலும் அவருடைய நலனையே நாட வேண்டும். ஐந்தாவது, அச்செயலைச் செய்யுமுன் அவருடைய உரிமையையும் செயற்சுதந்தரத்தையும் இதனினும் குறைவாகக் கட்டுப்படுத்தும் வேறு வழி உண்டா என்று எண்ணிப்பார்க்க வேண்டும்.

மூன்றாவது கோட்பாடு நம்மில் பலருக்கு வியப்பளிக்கலாம். முதியவர்களைப் பற்றிப் பேசும்போது, "அவர் சொல்வது சரியில்லை, ஆகவே அவருக்குப் புத்தி தெளிவாக இல்லை" என்று நாமே கூறிவிடுகிறோம் அல்லவா? சட்டம் இவ்விரண்டையும் பிரித்து வைக்கிறது. தவறு செய்யும் உரிமையும் வயதுவந்த மனிதரின் மாண்பில் அடங்கியது.

திறன் என்பது ஒரு மனிதர்மீது ஒரே தடவையாக ஒட்டப்படும் முத்திரையும் அன்று. குறித்த நேரத்தில், குறித்த ஒரு முடிவைப் பற்றி மட்டுமே அது கணிக்கப்படும். அதற்குரிய செய்தியைப் புரிந்துகொள்ளுதல், மனத்தில் நிறுத்துதல், சீர்தூக்கிப் பார்த்தல், முடிவை ஏதேனும் ஒரு வழியில் தெரிவித்தல் ஆகிய நான்கும் அளவைகளாகும். வீட்டை விற்பதுபற்றி முடிவெடுக்க இயலாத ஒருவர், காலையில் எந்தச் சட்டையை அணிவது, யாரைச் சந்திப்பது என்பவற்றைத் தாமே தெளிவாக முடிவுசெய்யக்கூடும். முதியோர் இல்லத்து ஏட்டில் "திறனற்றவர்" என்ற ஒரே சொல் எழுதப்பட்டிருந்தால், அது சட்டத்தின் நோக்கத்திற்கு மாறானது.

3. சுதந்தர இழப்பும் அதற்கான காப்பும்

எச்.எல். வழக்கில் வெளிப்பட்ட ஓட்டையை அடைப்பதற்காக, மருத்துவமனைகளுக்கும் பராமரிப்பு இல்லங்களுக்கும் உரிய காப்புமுறை ஒன்று 2009 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, ஒருவரது சுதந்தரத்தைப் பறிக்கும் அளவுக்குக் கட்டுப்பாடு தேவைப்பட்டால், இல்லத்தை நடத்துவோர் உள்ளாட்சி மன்றத்தின் அனுமதியைக் கோர வேண்டும். மன்றம் ஆறு கூறுகளை ஆராய்விக்கும்: வயது, மனநிலை, மனத்திறன், மனநலச் சட்டத்தோடு உள்ள பொருத்தம், அவரோ அவரது அதிகாரப் பத்திரம் பெற்றவரோ முன்னரே மறுத்ததுண்டா என்பது, அவருடைய நலன். அனுமதி ஓராண்டுக்கு மேற்படாது. அவருக்கென ஒரு பிரதிநிதி அமர்த்தப்படுவார். வேண்டும்போது அவருக்காகப் பரிந்து பேசும் பயிற்சி பெற்றவர் ஒருவரும் உதவுவார். அனுமதியை எதிர்த்துக் காப்பு நீதிமன்றத்தில் வழக்காடலாம்; அதற்கு வசதியைக் கணக்கில் கொள்ளாத சட்ட உதவியும் உண்டு.

விதிகள் சிறந்தவை, ஆனால் விதிகள் தாமாகவே மனிதரைக் காப்பதில்லை. இலண்டனின் ஹில்லிங்டன் உள்ளாட்சி மன்றத்தைப் பற்றிய வழக்கு இதற்குச் சான்று. ஆட்டிசமுள்ள ஓர் இளைஞர், தந்தை நோயுற்றிருந்ததால், சில நாள் தங்குவதற்காக மன்றத்தின் இல்லம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டார். தந்தை திரும்பத் திரும்பக் கேட்டும், 2010ஆம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய அவர் வீட்டுக்கு அனுப்பப்படவில்லை. அவரை அங்கே வைத்திருந்த மன்றமே அனுமதிகளையும் வழங்கிக்கொண்டிருந்தது. 2011இல் நீதிமன்றம் இச்செயல் சட்டவிரோதமானது என்று தீர்ப்பளித்தது. தந்தையை எதிர்த்து நீதிமன்றத்திற்குச் செல்ல வேண்டிய கடமை மன்றத்துடையது. அதைச் செய்யாமல் காப்புமுறையையே ஒரு பூட்டாக அது பயன்படுத்தியிருந்தது.

அடுத்த பெரும் திருப்பம் 2014 மார்ச் 19 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பாகும். செஷயர் மேற்கு வழக்கு என அது அறியப்படுகிறது. கற்றல் குறைபாடுடைய மூவரைப் பற்றியது அவ்வழக்கு. அவர்கள் சிறந்த பராமரிப்பில், கூடியவரை இயல்பான சூழலில் வாழ்ந்தனர், மகிழ்ச்சியாகவும் இருந்தனர். அப்படிப்பட்டவர்கள் சுதந்தரம் இழந்தவர்களா? ஆம் என்றனர் நீதிபதிகளுள் பெரும்பான்மையோர். ஒருவர் இடைவிடாத மேற்பார்வைக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டு, விட்டுச்செல்லும் உரிமையும் இன்றி இருந்தால், அது சுதந்தர இழப்பே. அவர் எதிர்க்காததோ, இடம் வசதியானதோ, நோக்கம் நல்லதோ இதை மாற்றாது. கூண்டு பொன்னால் செய்யப்பட்டிருந்தாலும் கூண்டுதான் என்ற கருத்தை நீதிபதி ஹேல் சீமாட்டி அத்தீர்ப்பில் வற்புறுத்தினார். ஊனமுற்றவரின் சுதந்தரத்திற்கு ஓர் அளவுகோல், மற்றவரின் சுதந்தரத்திற்கு வேறோர் அளவுகோல் என்பது கூடாது என்பதே அவர் வாதத்தின் அடித்தளம்.

இத்தீர்ப்பின் விளைவு பெரிது. இங்கிலாந்தில் 2013-14இல் சுமார் 13,700 ஆக இருந்த விண்ணப்பங்கள், அடுத்த ஆண்டில் 1,37,000ஐத் தாண்டின. 2022-23இல் 3,00,000ஐக் கடந்தன. உள்ளாட்சி மன்றங்கள் திணறின. இருபத்தொரு நாளுக்குள் முடிய வேண்டிய ஆய்வுகளில் பெரும்பாலானவை அக்கெடுவுக்குள் முடியவில்லை. முடிவு வருமுன்பே பலர் மறைந்தனர். இம்முறை அதன் நோக்கத்திற்கு ஏற்றதன்று என்று பிரபுக்கள் சபைக் குழு ஒன்று 2014இல் அறிக்கை அளித்தது. 2017இல் சட்ட ஆணையம் புதிய முறை ஒன்றைப் பரிந்துரைத்தது. 2019இல் அதற்கான திருத்தச் சட்டமும் நிறைவேறிற்று. ஆனால் 2023 ஏப்ரலில் அரசு அதைச் செயற்படுத்தாமல் தள்ளிவைத்தது. 2025 அக்டோபரில் இதுபற்றி மீண்டும் பொதுமக்களின் கருத்தைக் கேட்கப்போவதாக அறிவித்தது. 2014இல் வகுக்கப்பட்ட அளவுகோல் சரிதானா என்னும் கேள்வியும் அதே மாதத்தில் உச்ச நீதிமன்றத்தின் முன் மீண்டும் வந்தது. காப்பு அனைவருக்கும் உரியது என்று கூறுவது எளிது; அதை அனைவரிடமும் கொண்டுசேர்ப்பது அரிது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

4. உறங்காத கண்கள்

இதற்கிடையில் பராமரிப்பின் கருவிகள் மாறிவிட்டன. முன்பு பூட்டும், கட்டில் தடுப்புக் கம்பியும், இரவுப்பணியாளரின் காலடியும் செய்த வேலையை இன்று மின்கருவிகள் செய்கின்றன. கட்டிலருகே விரிக்கப்பட்ட பாய்மீது கால் பட்டவுடன் பணியாளர் அறையில் மணி ஒலிக்கிறது. மெத்தையின் அடியிலுள்ள கருவி ஒருவர் எழுந்ததை அறிவிக்கிறது. அறையின் ஒலியைக் கேட்டு, வழக்கத்திற்கு மாறான ஓசை எழுந்தால் மட்டும் எச்சரிக்கும் கருவிகளும் உண்டு. கையில் கட்டிய ஜி.பி.எஸ். கருவி வெளியே சென்றவர் நிற்கும் இடத்தைக் காட்டுகிறது. இவை போதாவென்று கேமராக்களும் உண்டு.

இக்கருவிகளைச் சட்டம் எவ்வாறு நோக்குகிறது? கண்காணிப்புக் கருவிகளுக்கென்று தனிச்சட்டம் ஒன்றும் பராமரிப்புத் துறையில் இல்லை. மனத்திறன் சட்டம், 1998ஆம் ஆண்டின் மனித உரிமைச் சட்டம், 2018ஆம் ஆண்டின் தகவல் பாதுகாப்புச் சட்டம் ஆகியவற்றின் பொதுக்கோட்பாடுகளே இங்கும் பொருந்துகின்றன. திறனுடையவராயின் அவருடைய இசைவு வேண்டும். அவர் மறுத்தால் அத்தோடு அது முடிந்தது. திறனற்றவராயின் அது அவருடைய நலனுக்கு உரியதா, இதனினும் குறைவான கட்டுப்பாடு உண்டா என்று ஆராய வேண்டும். தனிவாழ்வை மதிக்கும் உரிமை உடன்படிக்கையின் எட்டாம் பிரிவில் அடங்கியது; அதில் தலையிடும் எதுவும் தேவையானதாகவும் தேவைக்கு மிஞ்சாததாகவும் இருக்க வேண்டும்.

கருவி சுதந்தரத்தைப் பறிக்கிறதா, தருகிறதா என்பது கருவியைப் பொறுத்ததன்று. அது நிற்கும் சூழலைப் பொறுத்தது. 2015இல் காப்பு நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு இதை விளக்கும். மறதி நோயால் பாதிக்கப்பட்ட 93 வயது மூதாட்டி ஒருவர், பல்லாண்டுகளாக வாழ்ந்த தம் வீட்டிலேயே தொடர்ந்து வாழ்ந்தார். பராமரிப்போர் நாள்தோறும் வந்து சென்றனர். தோட்டத்திற்கு அவர் விருப்பப்படி போகலாம். அதற்கு வேலியும் வாயிற்கதவும் இருந்தன. இரவில் மட்டும் கதவின் உணர்கருவி இயங்கி, அவர் வெளியேறினால் எச்சரிக்கை அனுப்பும். இது சுதந்தர இழப்பா என்று உள்ளாட்சி மன்றம் கேட்டது. இது எல்லைக்கோட்டிற்கு அருகில் நிற்கும் வழக்கு என்பதை ஒப்புக்கொண்ட நீதிபதி, எனினும் இது சுதந்தர இழப்பாகாது என்று தீர்ப்பளித்தார். அவர் வீட்டில் இருந்தார்; நாளின் பெரும்பகுதியில் தனித்து இருந்தார்; இடைவிடாத கட்டுப்பாடு அங்கே இல்லை. அக்கருவி இல்லாதிருந்தால் அவர் ஒருவேளை தம் வீட்டையே விட்டு இல்லம் ஒன்றில் சேர்க்கப்பட்டிருப்பார்.

ஆனால் அதே உணர்கருவியை, ஒருவர் அறையை விட்டு எழுந்தவுடன் பணியாளர் ஓடிவந்து மீண்டும் படுக்கவைக்கும் இல்லம் ஒன்றில் பொருத்திப் பாருங்கள். அங்கே பூட்டு இல்லை. ஆயினும் கதவு திறந்திருப்பதில் பொருளும் இல்லை. இரும்புப் பூட்டு கண்ணுக்குத் தெரியும், உறவினர் கேள்வி கேட்பர், ஆய்வாளர் குறித்துக்கொள்வார். சிறு கருவி கண்ணில் படாது. ஆகவே அதுபற்றி அனுமதி கேட்க வேண்டும் என்ற எண்ணமே எவருக்கும் எழாமற்போகலாம். எச்.எல். வழக்கின் பழைய ஓட்டை இங்கே புதிய வடிவில் திறக்கிறது.

கேமராவின் செய்தி மேலும் சிக்கலானது. 2011 மே மாதம் பிபிசி தொலைக்காட்சி, பிரிஸ்டல் நகரின் அருகிலிருந்த வின்டர்போர்ன் வியூ என்னும் தனியார் மருத்துவமனையில் மறைத்துவைத்த கேமராவால் எடுத்த காட்சிகளை ஒளிபரப்பியது. கற்றல் குறைபாடுடையவர்களைப் பணியாளர்கள் அடித்ததும் அவமதித்ததும் அதில் பதிவாகியிருந்தன. முன்பே ஒருவர் எழுத்தில் எச்சரித்திருந்தும் நடவடிக்கை இல்லை. பதினொருவர் குற்றவாளிகள் என முடிவாயிற்று; 2012இல் அவர்களுள் அறுவர் சிறை சென்றனர். காட்சி இல்லாதிருந்தால் பேச இயலாத அந்நோயாளிகளின் சாட்சியத்தை எவர் கேட்டிருப்பர்?

இதைக் கண்ட குடும்பத்தார் சிலர், தம் தாயின் அறையில் கேமரா வைத்தால் என்ன என்று கேட்கின்றனர். அவர்களுடைய அச்சம் நியாயமானது. ஆனால் அதே கேமரா அத்தாயைக் குளிப்பாட்டும்போதும் உடை மாற்றும்போதும் பார்க்கிறது. அவள் கண்ணீரையும் பார்க்கிறது. அவளுடைய இசைவு எங்கே? அப்பதிவு எங்கே சேமிக்கப்படுகிறது, யார் பார்க்கின்றனர், எப்பொழுது அழிக்கப்படுகிறது? தீங்கிழைப்பவனைக் கண்டறிய வேண்டிய கருவி, தீங்குக்கு ஆளானவரின் வெட்கத்தையே விலையாகக் கேட்கிறது. சேவைகளை ஆய்வு செய்யும் பராமரிப்புத் தர ஆணையம் இதுபற்றி வழிகாட்டுக் குறிப்புகள் வெளியிட்டுள்ளது. கேமரா பொருத்துவதற்குமுன் அதன் நோக்கம் தெளிவாக வேண்டும், சம்பந்தப்பட்டோரைக் கலந்து பேச வேண்டும், போதிய பணியாளர்க்கு அது மாற்றாகக் கூடாது என்பன அவற்றின் சாரம்.

இக்கடைசிக் கருத்தே மிகவும் இன்றியமையாதது என நாம் கருதுகிறோம். கருவிகள் பெரும்பாலும் பணத்தட்டுப்பாட்டின் நடுவே வாங்கப்படுகின்றன. இரவில் நால்வர் செய்த பணியை இருவர் செய்யலாம் என்ற கணக்கு எப்பொழுதும் அருகில் நிற்கிறது. ஆனால் கருவிகளால் விளையும் பயன் எதிர்பார்த்த அளவினதன்று. மறதி நோயுள்ள 495 பேரிடம் இங்கிலாந்தில் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2021இல் வெளியாயின. முழு அளவில் கருவிகள் பெற்றவர்கள், அடிப்படைக் கருவிகளை மட்டும் பெற்றவர்களைவிட நீண்ட காலம் தம் வீட்டில் வாழ்ந்தனர் என்று அதில் காணப்படவில்லை. மணி ஒலிப்பதை ஒரு மனிதர் கேட்டு, எழுந்து, வந்து, கையைப் பிடித்தால்தான் அது பராமரிப்பாகும்.

5. சந்திக்கச் செல்பவரின் பொறுப்பு

முதியோர் இல்லத்திற்குச் செல்லும் திருப்பணியாளர் வழக்கறிஞரும் அல்லர், ஆய்வாளரும் அல்லர். எனினும் சட்டம் அவரைப் போன்றவரை முற்றிலும் வெளியே நிறுத்தவில்லை. திறனற்ற ஒருவரின் நலனை முடிவுசெய்யும்போது, அவரைப் பேணுவோரையும் அவருடைய நலனில் அக்கறையுடையோரையும் இயன்றவரை கலந்து பேச வேண்டும் என்று மனத்திறன் சட்டத்தின் நான்காம் பிரிவு கூறுகிறது. அவருடைய பழைய விருப்பங்கள், நம்பிக்கைகள், வாழ்வின் மதிப்புகள் ஆகியவற்றையும் கருத வேண்டும் என்கிறது. ஞாயிறு காலை ஆராதனைக்குச் செல்வது ஒருவரின் வாழ்நாள் வழக்கமாயின், அதை அறிந்தவர் எடுத்துச்சொன்னால்தான் அது முடிவில் இடம்பெறும்.

ஆகவே சந்திக்கச் செல்பவர் சில எளிய கேள்விகளை மனத்தில் கொள்ளலாம். இவர் வெளியே செல்ல விரும்பினால் யாரிடம் கேட்க வேண்டும்? இந்தக் கருவி எதற்காக என்று இவரிடம் எவரேனும் இவருக்குப் புரியும் வகையில் சொன்னார்களா? இதைக் குறைக்க முடியுமா என்று கடைசியாக எப்பொழுது எண்ணிப்பார்த்தனர்? இவருக்குப் பிரதிநிதி உண்டா. அவர் வந்து பார்க்கிறாரா? இக்கேள்விகளைக் குற்றஞ்சாட்டும் குரலில் கேட்கத் தேவையில்லை. நல்ல இல்லம் இவற்றுக்கு விடை கூற மகிழும். ஆனால் கொடுமையோ புறக்கணிப்போ நிகழ்வதாகக் காணின், அது வேறு செய்தி. 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, அப்படிப்பட்ட ஐயம் எழும்போது விசாரிக்கும் கடமையை உள்ளாட்சி மன்றத்தின்மேல் சுமத்துகிறது. அம்மன்றத்திற்கு எவரும் தகவல் தரலாம். மன்னிப்பையும் சமாதானத்தையும் பற்றிப் பேசும் நாம், அப்பேச்சின் நிழலில் மௌனத்தை ஒளித்துவைக்கக் கூடாது.

அங்கே பணியாற்றும் நம்மவரையும் மறக்கலாகாது. இரவு முழுவதும் பல அறைகளின் எச்சரிக்கை மணிகளுக்கு இடையே ஓடும் பணியாளர் தாமும் கேமராவின் பார்வையில் வாழ்பவர். விசாவும் வேலையும் ஒரே முதலாளியின் கையில் இருக்கும்போது, தவறு கண்டும் வாய்திறக்க அஞ்சுபவர் உண்டு. அவருடைய அச்சத்தைக் கேட்பதும் இல்லவாசியைக் காப்பதும் ஒரே பணியின் இரண்டு பகுதிகள்.

முடிவுரை

எச்.எல். வழக்கு நமக்குக் கற்பித்தது, அமைதி என்பது இசைவன்று என்பதாகும். செஷயர் மேற்கு வழக்கு கற்பித்தது, வசதி என்பது விடுதலையன்று என்பதாகும். கண்காணிப்புக் கருவிகள் நமக்குக் கற்பிக்க வேண்டியது, கண்ணுக்குத் தெரியாத பூட்டும் பூட்டே என்பதாகும். அப்பூட்டு சில வேளைகளில் தேவையானதாக இருக்கலாம். அந்த 93 வயது மூதாட்டியின் வீட்டில் இருந்ததுபோல், ஒருவரைத் தம் வீட்டிலேயே வாழவிடும் கருணையாகவும் இருக்கலாம். ஆனால் அது தேவையா என்று ஒருவர் கேட்க வேண்டும்; கேட்டதற்கு விடை எழுதப்பட வேண்டும்; அவ்விடையை மறுத்துரைக்க ஒரு வழி இருக்க வேண்டும். சட்டம் கொடுப்பது இவ்வளவே. மீதியை, அறைக்குள் வந்து நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்து, அவர் முகத்தை நோக்கிப் பேசும் மனிதரே கொடுக்க முடியும்.